ஆளில்லாக் கரையில் அமுதசுரபி

நகரத்தை வெறுத்த இளைஞர் கடற்கரையை நாடி ஓடுகின்றனர். இது புதிய செய்தியா, பழைய கதையா? இரண்டும் என்பதே பொருத்தமான விடை.

மலாக்கா மாநிலத்தார் இதனைக் காண நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. வார இறுதியில் தஞ்சோங் பிடாராவுக்கோ பெங்காலான் பாலாக்குக்கோ சென்றால் போதும். கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் வேலை பார்க்கும் தமிழ் இளைஞர் சிலர் மணலில் அமர்ந்து நீரிணையைப் பார்த்துக்கொண்டிருப்பர். அவர்களுட் பலருடைய பாட்டன்மார் அலோர் காஜா, ஜாசின் வட்டாரத் தோட்டங்களில் பால்மரம் சீவியவர்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டும், செம்பனைக்கு மாறியும், வீடமைப்புக்கு விலைபோயும் சுருங்கிய காலத்தில் அக்குடும்பங்கள் நகரை நோக்கிப் பெயர்ந்தன. நகரம் வாழ்வளிக்கும் என்று பெற்றோர் நம்பினர். பிள்ளைகளுக்குக் கிடைத்தவை அடுக்குமாடியில் ஓர் அறை, மாதத் தவணை, இரவு முறை வேலை, அடுத்த வீட்டார் பெயரும் அறியாத வாழ்வு. எல்லாவற்றையும் விட்டுவிட்டு யாருமில்லாத ஒரு கடற்கரையில் போய் இருந்துவிட்டால் என்ன என்ற பெருமூச்சு அங்கே பிறக்கிறது.

முதியோர் இதனைச் சோம்பல் என்பர். இளையோர் விடுதலை என்பர். இரு திறத்தாரும் ஒருமுறை எடுத்துப் படிக்க வேண்டிய நூல் ஒன்று தமிழில் உண்டு. அது சீத்தலைச் சாத்தனாரின் மணிமேகலை. உ. வே. சாமிநாதையர் 1898-இல் அதனைப் பதிப்பித்த நாள்தொட்டு அதனைப் பௌத்த சமயக் காப்பியம் என்றே பலரும் பேசி வந்துள்ளனர். அதில் வரும் மணிபல்லவத் தீவைத் தெய்வ அற்புதங்கள் நிகழும் இடம் என்று கூறி அகன்றுவிடுவர். ஆனால், அத்தீவின் ஆளில்லாத கரைக்குக் காப்பியம் யார் யாரைக் கொண்டு சேர்க்கிறது, அவர்கள் அங்கே என்ன செய்கின்றனர், பின்பு எங்கே செல்கின்றனர் என்று வரிசைப்படுத்திப் பார்த்தால் வேறொரு பொருள் விளங்கும். நகரை வெறுத்த இளமைக்குச் சாத்தனார் கூறும் விடை அங்கேதான் இருக்கிறது.

நெய்தலின் இயல்பு

சாத்தனாரின் கரையைக் காண்பதற்கு முன், தமிழ் மரபு கடற்கரையை எவ்வாறு கண்டது என்பதை அறிதல் நலம். பண்டைத் தமிழர் நிலத்தை ஐந்தாகப் பகுத்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் ஒழுக்கத்தை உரியதாக்கினர். கடலும் கடல் சார்ந்த இடமுமாகிய நெய்தலுக்கு அவர்கள் வகுத்த உரிப்பொருள் இரங்கல். மலைக்குக் கூடல் உண்டு. காட்டுக்குப் பொறுத்திருத்தல் உண்டு. கடற்கரைக்கோ ஏக்கமே உரியது. இது தற்செயலாக அமைந்ததன்று. கரை என்பது நிலம் முடியும் இடம். சென்றவர் திரும்புவாரா என்று நிற்பதற்குரிய இடம் அது.

மற்றொன்றும் கருதத் தக்கது. நெய்தல் நில மக்களுக்குக் கரை ஓய்விடமன்று, உழைப்பிடம். வலை உலர்த்தும் இடம், மீன் காயவைக்கும் இடம், உப்பு விளைக்கும் இடம். யாருமில்லாத கரை என்ற எண்ணமே நகரத்தாருடையது. பரதவருக்கு அவ்வெண்ணம் தோன்றியிராது.

சிலப்பதிகாரத்தின் கானல்வரி இதற்கு நல்ல சான்று. புகார் நகரில் இந்திர விழா முடிவுறுகிறது. நகர மாந்தர் கடலாடச் செல்கின்றனர். கோவலனும் மாதவியும் செல்கின்றனர். புன்னை நிழலில், மணற்பரப்பில், திரைச்சீலை வளைத்து இடம் அமைக்கின்றனர். யாழ் வருகிறது, பாட்டு எழுகிறது. கோவலன் பாடியதைக் கேட்ட மாதவி, அவன் நெஞ்சில் வேறொருத்தி இருப்பதாக எண்ணுகிறாள். அவளும் வேறு குறிப்புடையாள் போலப் பாடுகிறாள். கோவலன் எழுந்து போய்விடுகிறான். ஊழ் யாழைச் சாக்காகக் கொண்டு வந்து சேர்ந்தது என்பது இளங்கோவடிகள் கருத்து. ஆயினும், கடல் அவர்களைப் பிரிக்கவில்லை என்பதைக் கூர்ந்து நோக்க வேண்டும். நகரத்தில் வளர்ந்த ஐயத்தையும் செருக்கையும் இருவரும் தம்முடன் கரைக்குக் கொண்டுசென்றனர். அங்கே வேறு ஓசை இல்லாமையால் அவை உரக்கக் கேட்டன. அவ்வளவே!

பளிக்கறையில் நின்ற பெண்

அவ்விருவர் பெற்ற மகள் மணிமேகலை. அவளுக்கு நகரத்தின்மேல் வெறுப்பு எழுந்ததற்குத் தக்க காரணம் இருந்தது. மதுரையில் தந்தை கொலையுண்டான். தாய் மாதவி அறவண அடிகளை அடைந்து தவநெறி பூண்டாள். பாட்டி சித்திராபதியோ குலத்தொழிலை விட மனமில்லாதவள். இருபத்தெட்டு நாள் நடக்கும் இந்திர விழாவில் ஆட வருமாறு வயந்தமாலையைத் தூது விடுகிறாள். வாராவிடின் ஊர் தூற்றும் என்கிறாள். ஒரு பெண் என்னவாக இருக்க வேண்டும் என்பதை அவள் பிறக்கும் முன்னரே ஊர் முடிவு செய்துவிட்டது. தந்தையின் துயரக் கதை மீண்டும் காதில் விழ, மணிமேகலை கண்ணீர் விடுகிறாள். கட்டிக்கொண்டிருந்த மாலை அக்கண்ணீரால் தூய்மை இழக்கிறது. வேறு மலர் கொய்ய உவவனம் செல்கிறாள். அங்கும் அவளைத் தேடி அரசன் மகன் உதயகுமரன் தேரில் வருகிறான்.

அவள் ஓடி ஒளிந்த இடம் பளிங்கினால் ஆன மண்டபம். உள்ளே நிற்கும் உருவம் வெளியே தெரிகிறது; புகும் வழிதான் அவனுக்குத் தெரியவில்லை. சாத்தனாரின் கற்பனைத் திறத்துக்கு இவ்வொரு காட்சியே போதும். எல்லார் கண்ணுக்கும் தெரியும்படி நின்று, எவரும் நெருங்க இயலாமல் தனித்திருப்பது நகரத்து இளமையின் நிலை அன்றோ? இன்று அடுக்குமாடிச் சாளரத்தில் நிற்கும் இளைஞரும் இதனை எளிதில் உணர்வர்.

இன்னும் நுட்பமான செய்தி ஒன்று அதன்பின் வருகிறது. உதயகுமரன் சென்றபின், தன்னை இழிவாகப் பேசிய அவன் பின்னாலேயே தன் நெஞ்சு சென்றது என்று மணிமேகலை தோழி சுதமதியிடம் ஒப்புக்கொள்கிறாள். நகரம் வெளியே மட்டும் இல்லை. அது அவளுக்குள்ளும் இருக்கிறது. இதனை மறைக்காமல் கூறியதனால்தான் சாத்தனார் வெறும் சமயப் போதகர் என்ற நிலையைக் கடந்து புலவராகிறார்.

அன்றிரவு உறங்கிக்கொண்டிருந்தவளை மணிமேகலா தெய்வம் எடுத்துச் சென்று, தெற்கே முப்பது யோசனைத் தொலைவில் மணிபல்லவத்தில் வைக்கிறது. யாழ்ப்பாணத்தை அடுத்த நயினாதீவே அது என்று கருதுவோர் உளர், உடன்படாதோரும் உளர். இடம் எதுவாயினும் ஆகுக. அவள் கண்விழித்த கரை எழில் நிறைந்தது. முத்தும் பவளமும் அலை கொணர்கிறது, மரங்கள் பூத்திருக்கின்றன. இளைஞர் கனவு காணும் கரை இதுவேயன்றோ? ஆனால் அவள் செய்வது என்ன? சுதமதியைக் கூவி அழைக்கிறாள். எங்கே ஒளிந்துகொண்டாய் என்று கேட்கிறாள். மணல்மேடுகளில் ஏறி இறங்குகிறாள். மறுமொழி இல்லை. இறந்துபோன தந்தையை அழைத்து அழுகிறாள். அழகு இருந்தது, ஆறுதல் இல்லை. நெய்தலுக்கு இரங்கல் என்ற பழைய விதியைச் சாத்தனார் மீறவில்லை.

அழுகை அடங்கியபின் புத்த பீடிகையைக் காண்கிறாள். தன் பழம்பிறப்பை உணர்கிறாள். உதயகுமரன் முற்பிறப்பில் தன் கணவனாக இருந்த இராகுலன் என்பதை அறிகிறாள். தன் நெஞ்சு அவன்பின் சென்ற காரணம் அவளுக்கு விளங்குகிறது. பிறகு தெய்வம் அவளுக்கு மூன்று மந்திரங்களை அளிக்கிறது. ஒன்று வேற்றுரு எடுக்க. ஒன்று வான்வழி செல்ல. மூன்றாவது பசியைத் தீர்க்க. கரை எவ்வளவு தெய்வத்தன்மை உடையதாயினும் அங்கும் வயிறு உண்டு என்பதைக் காப்பியம் மறக்கவில்லை.

இவை அனைத்துக்கும் காலவரையறை ஒன்று உண்டு. மணிமேகலை ஏழாம் நாள் நகருக்குத் திரும்புவாள் என்று தெய்வம் சுதமதியிடம் முன்னரே கூறிவிடுகிறது. கரை அவளுக்குக் குடியிருப்பாக அளிக்கப்படவில்லை. ஏழு நாள் பள்ளியாகவே அளிக்கப்பட்டது.

பாத்திரம் இருந்தும் பட்டினி

அத்தீவில் கோமுகி என்னும் பொய்கை உண்டு. வைகாசித் திங்கள் நிறைமதி நாளில் அதிலிருந்து அமுதசுரபி என்னும் பாத்திரம் வெளிப்படும் என்று காவல் தெய்வமாகிய தீவதிலகை கூறுகிறாள். எடுக்க எடுக்கக் குறையாது சோறு அளிக்கும் அப்பாத்திரம் மணிமேகலையின் கையை அடைகிறது. அது அப்பொய்கைக்குள் எவ்வாறு வந்தது? இவ்வினாவுக்கு அறவண அடிகள் கூறும் விடைதான் இக்காப்பியத்தின் உயிர்நாடி. அதுவே ஆபுத்திரன் வரலாறு.

ஆபுத்திரன் தாயால் கைவிடப்பட்டு, பசுவின் பாலுண்டு பிழைத்த குழந்தை. வளர்த்த ஊர் அவனை விரட்டியது. வேள்விக்குக் கட்டிய பசுவை அவிழ்த்துவிட்டதே அவன் செய்த குற்றம். மதுரைக்குச் சென்று, சிந்தாதேவி கோயில் அம்பலத்தில் தங்கி, வீடுதோறும் இரந்து, குருடர்க்கும் செவிடர்க்கும் முடவர்க்கும் முதலில் ஊட்டி, எஞ்சியதைத் தான் உண்டு வாழ்ந்தான். ஒரு மழை இரவில் பசித்தோர் பலர் வந்தபோது கொடுக்க ஒன்றுமின்றி வருந்திய அவனுக்குத் தேவி அளித்ததே அமுதசுரபி.

இந்திரன் முதியவன் வடிவில் வந்து வரம் கேள் என்றபோது, ஈவதே போதும் என்று சிரித்து மறுத்தான். சினந்த இந்திரன் விந்தையான தண்டனை ஒன்றை அளித்தான். பாண்டி நாட்டில் நன்மழை பெய்வித்தான். வளம் பெருகியது. பசித்தவர் இல்லாமற்போயினர். ஊட்டிய அம்பலத்தில் வீண்பொழுது போக்குவோர் வந்து குழுமினர். செழிப்பான நகரத்தில் தனக்கு வேலையில்லை என்று உணர்ந்த இளைஞன் நகரைவிட்டு வெளியேறினான்.

இன்றைய இளைஞன் சலிப்புக்கு இதைவிட நெருங்கிய ஓவியம் பழந்தமிழில் அரிது. வறுமையால் மட்டும் நகரம் வெறுப்பூட்டுவதில்லை. தன் கையில் இருப்பது இங்கு எவருக்கும் வேண்டப்படவில்லை என்ற எண்ணமும் ஒருவனை வெளியே தள்ளும்.

சாவக நாட்டில் மழையின்றி மக்கள் மடிகின்றனர் என்று மரக்கலத்தினின்று இறங்கியோர் கூறக் கேட்டு, ஆபுத்திரன் கலமேறினான். காற்று மிகுந்ததனால் கலம் மணிபல்லவத்தில் ஒரு நாள் தங்கியது. அவன் கரையில் இறங்கினான். அவனும் ஏறிவிட்டான் என்று எண்ணிக் கலத்தோர் இரவில் பாய்விரித்துச் சென்றுவிட்டனர். தீவில் வேறு மனிதர் இல்லை. கையில் அமுதசுரபி, கண்ணுக்கெட்டிய வரை மணலும் கடலும்.

இங்கே அவன் என்ன செய்திருக்கலாம்? நாள்தோறும் தானே உண்டு, நூறாண்டு வாழ்ந்திருக்கலாம். யாரும் குறை கூறியிருக்க மாட்டார்கள். குறை கூற ஆளும் இல்லை. பலர் பசியைத் தீர்க்க வந்த பாத்திரத்தைத் தன் ஒருவன் வயிற்றுக்காகச் சுமப்பதா என்று கேட்டு, அவன் அதனைக் கோமுகியில் விட்டான். ஆண்டுக்கொரு முறை தோன்றி அருளறம் பூண்டோர் எவரேனும் வந்தால் அவர் கைக்குச் செல்க என்று வேண்டிக்கொண்டான். உண்ணாநோன்பிருந்து உயிர் விட்டான்.

சோறு குறையாத பாத்திரத்தின் அருகே ஒருவன் பட்டினியால் இறந்தான்! உலகக் காப்பியங்களில் தனிமையைப் பற்றி இதனினும் கூர்மையான ஒரு நிகழ்ச்சியைக் காண்பது எளிதன்று. அமுதசுரபியின் அற்புதம் அதன் உள்ளே இல்லை. ஏந்துவோர் கைக்கும் ஏற்போர் கைக்கும் இடையே இருக்கிறது. ஏற்பவர் இல்லாத கரையில் அது வெறும் ஓடு. இதுவே சாத்தனார் கருத்தின் மையம்.

எலும்பைக் கண்ட அரசன்

கதை அத்துடன் முடியவில்லை. ஆபுத்திரன் மறுபிறப்பில் சாவக நாட்டின் அரசனாகிறான், பெயர் புண்ணியராசன். சாவகம் எது என்பதைப் பற்றி அறிஞர் பலவாறு கூறினும், அது கீழ்க்கடல் நாடு என்பது பலர் கருத்து. ஆதலின் இப்பகுதி மலாக்காத் தமிழர்க்குச் சற்றே நெருக்கமானது. அவர்கள் காணும் கடல்வழிக்கு அப்பால்தான் காப்பியத்தின் இம்மன்னன் ஆண்டான்.

தன் பிறப்பின் வரலாற்றைக் கேட்ட புண்ணியராசனுக்கு அரச வாழ்வில் வெறுப்புத் தோன்றுகிறது. துறந்து செல்ல விரும்புகிறான். அமைச்சன் சனமித்திரன் தடுக்கிறான். நீ பிறக்கும் முன் இந்நாடு பன்னிரண்டு ஆண்டுகள் மழையின்றி வாடியதே, நீ சென்றால் இம்மக்கள் என்னாவர் என்று கேட்டு, ஒரு திங்களாவது பொறுத்திருக்குமாறு வேண்டுகிறான். மன்னன் கலமேறி மணிபல்லவம் சேர்கிறான். இங்கே கரைக்கு வருபவன் உறக்கத்தில் வந்தவனல்லன்; வழிதவறி நின்றவனும் அல்லன். நகரை வெறுத்துத் தானே விரும்பி வந்த இளைஞன்.

அவனுக்குக் கரை எதைக் காட்டுகிறது? மணலைத் தோண்டி, அவனுடைய முற்பிறப்பின் எலும்பைக் காட்டுகிறது. அருகே வேறு எலும்புகளும் கிடக்கின்றன. அவனை மறந்து சென்ற கலத்து வணிகர் ஒன்பதின்மர், பிழையை உணர்ந்து தேடித் திரும்பி வந்தனர். அவன் இறந்ததைக் கண்டு தாமும் அங்கேயே உயிர் நீத்தனர். அவர்களைச் செட்டிகள் என்றே காப்பியம் கூறுகிறது. தமிழ் வணிகரின் வழிவந்த செட்டி மக்கள் பல தலைமுறையாக வாழ்ந்துவரும் மலாக்காவில் இப்பகுதியைப் படிப்போர் சற்றே நின்று எண்ணுவர். தனியே ஒதுங்கியவன் தனியே இறப்பதில்லை. அவனைத் தேடி வருவோரையும் அக்கரை கொள்ளும்.

கலங்கி நின்ற மன்னனிடம் மணிமேகலை கூறும் அறிவுரையே நூலின் முடிமணி. இங்கே நின்று அழுதால் உன் நாட்டை யார் காப்பார் என்று கேட்கிறாள். அறம் என்பது உயிர்களுக்கு உணவும் உடையும் உறைவிடமும் அளிப்பதே என்று பொருள் கூறுகிறாள். அவனைத் திருப்பி அனுப்புகிறாள். துறவைப் போற்றும் ஒரு சமயக் காப்பியம், துறக்க வந்த இளைஞனை நாட்டுக்கே போ என்று கூறுவது வியப்பன்றோ? மணிமேகலையைத் துறவு நூல் என்று மட்டும் கூறி முடிப்போர் இவ்விடத்தை விடுத்துப் படித்தவர் ஆவர்.

கரையில் மயங்கிய மன்னன் வேறொருவனும் காப்பியத்தில் உளன். சோழன் நெடுமுடிக்கிள்ளி கடற்கானலில் முன்பின் அறியாத ஒரு பெண்ணைக் கண்டு, ஒரு திங்கள் அவளுடன் வாழ்ந்தான். அவள் நாக நாட்டு மன்னன் மகள் பீலிவளை. சொல்லாமலே மறைந்தாள். அவள் பெற்ற குழந்தையைக் கொணர்ந்த கலம் உடைந்தது. மகனைத் தேடி அலைந்த மன்னன் இந்திர விழாவை மறந்தான். புகார் நகரைக் கடல் கொண்டது. விழாவை மறந்ததற்காக ஓர் ஊர் அழிவதா என்று இக்காலத்தார் கேட்பர். கேள்வி நியாயமே. ஆயினும் குறிப்புத் தெளிவு. ஊரை ஆள்வோன் கரையில் தன்னை மறந்தால், கரை ஊருக்குள் வந்துவிடும்.

காஞ்சிக்கு வந்த தீவு

ஏழாம் நாள் திரும்பிய மணிமேகலை புகாரில் என்ன செய்தாள்? முதற்பிச்சையை ஆதிரையின் கையால் ஏற்றாள். யானைத்தீ என்னும் பெரும்பசியால் வருந்திய காயசண்டிகையின் நோயைத் தீர்த்தாள். சிறைச்சாலைக்குள் சென்று அங்கிருந்தோர்க்கு ஊட்டி, அதனை அறக்கோட்டமாக மாற்றுமாறு அரசனை வேண்டி வெற்றி கண்டாள். எந்த நகரம் அவளைக் கணிகையாக்க முயன்றதோ, அதே நகரத்தின் சிறைக்கதவை அவள் திறந்தாள்.

பின்னர் காஞ்சி நகர் மழையின்றி வாடுவதைக் கேட்டு அங்குச் செல்கிறாள். மணிபல்லவத்தில் உள்ளவை போன்ற பொய்கையும் பொழிலும் அந்நகரிலேயே அமைந்திருப்பதை மன்னன் இளங்கிள்ளி காட்டுகிறான். அங்கே பீடிகை அமைத்து, பசித்த உயிர்க்கெல்லாம் அவள் அமுதசுரபியால் ஊட்டுகிறாள். காப்பியம் தன் வட்டத்தை இங்கே முடிக்கிறது. நகரத்துப் பெண் கரைக்குச் சென்றாள்; கரை நகரத்துக்கு வந்தது.

இருபதாம் நூற்றாண்டின் இரு கரைகள்

இக்கருத்து பழங்கதைக்கு மட்டும் பொருந்துவதா? இருபதாம் நூற்றாண்டு இதற்கு இரு சான்றுகளை அளித்துள்ளது; ஒன்று கதை, மற்றொன்று வாழ்வு.

ஆங்கில எழுத்தாளர் அலெக்ஸ் கார்லண்ட் 1996-இல் வெளியிட்ட ‘கடற்கரை’ என்னும் நாவல் உலகெங்கும் இளைஞர் விரும்பிப் படித்தது. பேங்காக்கின் மலிவு விடுதி ஒன்றில் ரிச்சர்ட் என்னும் ஆங்கில இளைஞனுக்கு ஒரு வரைபடம் கிடைக்கிறது. தாய்லாந்துத் தீவொன்றில் நகர வாழ்வை உதறியோர் சிலர் இரகசியமாகக் கூடி வாழ்கின்றனர். மீன் பிடிக்கின்றனர், தோட்டம் போடுகின்றனர். அந்த விடுதலைக்கு அடிப்படை ஒன்றே. வேறு யாரும் அங்கு வரக்கூடாது. ஆயினும் அரிசி தீர்ந்தால் ஊர்க்கரைக்குப் படகில் சென்று வாங்கிவர வேண்டும். சுறாவால் காயமுற்ற தோழனை மருத்துவரிடம் கொண்டுசென்றால் இரகசியம் வெளியாகும் என்று அஞ்சி, அவனை அங்கேயே சாகவிடுகின்றனர். முடிவில் மிஞ்சுவது வெறியும் கொலையும்.

இந்நாவலின் நடை விரைவானது. மனிதரைப் பற்றிய பார்வை கூர்மையானது. ஆனால் அதன் மாந்தர்க்குத் திரும்புவதற்கு ஒரு காரணம் இல்லை. அவர்கள் கையில் பிறர்க்கு அளிக்கத்தக்கது ஒன்றும் இல்லை. ஆபுத்திரன் ஏற்பவர் இல்லாமையால் இறந்தான். இவர்கள் ஏற்பவர் வந்துவிடுவரோ என்று அஞ்சியே அழிந்தனர். இக்கதை 2000-இல் திரைப்படமானது. படம் பிடிக்கப்பட்ட மாயா விரிகுடாவுக்கு மக்கள் வெள்ளமாகத் திரண்டனர். பவளப் பாறைகள் பாழாக, 2018-இல் தாய்லாந்து அரசு அக்கரையை மூடியது. 2022-இல்தான் வரையறைகளோடு மீண்டும் திறந்தது. ஆளில்லாத கரையைத் தேடிய கூட்டமே அக்கரையை அழிக்கவிருந்தது.

மற்றொரு சான்று தமிழகத்தினுடையது. சென்னைக் கலைக் கல்லூரியில் ஓவியமும் சிற்பமும் பயின்ற இளைஞர் 1960-களில் ஓர் இடர்ப்பாட்டில் இருந்தனர். அவர்கள் படைப்பை வாங்குவோர் நகரில் அரியர். கல்லூரியை விட்டால் விளம்பரப் பலகை எழுதவோ அலுவலகம் செல்லவோ நேரும், கலை கைநழுவும். முதல்வராக இருந்த கே. சி. எஸ். பணிக்கர் வழியொன்று கண்டார். மாணவர் சேர்ந்து கைவினைப் பொருள்கள் செய்தனர். குறிப்பாகப் பாத்திக் துணிகள் செய்து விற்றனர். அவ்வருவாயைச் சேர்த்து, 1966-இல் சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் கடலோர மணல்நிலத்தை வாங்கினர். சவுக்கும் மணலுமாகக் கிடந்த அவ்விடம் சோழமண்டலக் கலைஞர் கிராமம் ஆயிற்று. குடிசை போட்டனர். பிழைப்புக்குக் கைவினை, உள்ளத்துக்கு ஓவியம் என்று நாளைப் பகுத்துக்கொண்டனர்.

இவர்களும் நகரில் மனம் கசந்து கரைக்குச் சென்றவர்களே. வேறுபாடு யாது? தொழிலைக் கையோடு கொண்டுசென்றனர். நகரத்துக்குச் செல்லும் பாதையை மூடவில்லை. அவர்கள் துணியும் ஓவியமும் நகரத்துக்குச் சென்றன. நகரத்தார் அவர்கள் வாயிலுக்கு வந்தனர். அவர்களைக் காத்த பாத்திக், சாவகம் உலகுக்குப் புகழ்பெறச் செய்த கலை என்பதும் எண்ணத்தக்கது. சாவகத்துக்கு அமுதசுரபியைக் கொண்டுசெல்ல முயன்றான் ஆபுத்திரன். சாவகத்துக் கலையொன்று சோழ மண்டலக் கரையில் இளைஞர்க்கு அமுதசுரபியாயிற்று.

ஆனால் அக்கரையையும் துன்பம் தீண்டாமல் விடவில்லை. மாளிகைகளும் விந்தை விலங்குகளும் நிறைந்த கனவுலகை மையில் தீட்டிய கே. இராமானுஜம் அங்கே வாழ்ந்து, 1973-இல் இளமையிலேயே மறைந்தார். நல்ல தோழமையும் நல்ல கடற்காற்றும் எல்லா உள்ளத்துக்கும் மருந்தாகிவிடா. பணிக்கர் 1977-இல் காலமானார். கிராமம் நிலைத்தது. கிழக்குக் கடற்கரைச் சாலை பெருகி, சென்னை நகரமே அங்கு வந்து சேர்ந்தது. 2009-இல் அவ்வளாகத்தில் தற்காலக் கலை மையம் திறக்கப்பட்டது.

நூலின் குறையும் நிறைவும்

மணிமேகலையில் குறையே இல்லை என்று கூறுவது திறனாய்வாகாது. மணிமேகலைக்கு வான்வழி மந்திரம் இருந்தது. ஏழாம் நாள் எளிதில் திரும்பினாள். தவணைக் கடனும் வேலையிழப்பும் உள்ள இளைஞனுக்கு அம்மந்திரம் இல்லை. எல்லாவற்றுக்கும் முற்பிறப்பைக் காரணமாக்கும் முறையும் இன்றைய வாசகருக்கு நிறைவளிக்காது. மணிமேகலையைத் தேடி வந்த உதயகுமரன் காஞ்சனன் வாளால் வெட்டுண்டு இறக்கும்போது, அது பழவினை என்று கூறி ஆறுதல்படுத்துவது நம் நெஞ்சை ஆற்றவில்லை. அவனும் இளைஞனே, அவனுக்கு எந்தத் தெய்வமும் ஒரு கரையைக் காட்டவில்லை.

எனினும் சாத்தனார் ஓரிடத்தில் உறுதியாக நிற்கிறார். நகரை வெறுத்த இளமையை அவர் எங்கும் ஏசவில்லை. அவ்வெறுப்பு நேர்மையானது என்று ஏற்றுக்கொள்கிறார். மணிமேகலை புகாரிலேயே இருந்திருந்தால் அமுதசுரபி அவள் கைக்கு வந்திராது. ஆகவே கரை வேண்டும். தன்னைத் தான் காண்பதற்கு ஏழு நாள் வேண்டும். ஆனால் கரையில் கிடைத்ததைக் கரையிலேயே வைத்துக்கொள்ள இயலாது என்பது அவர் கூறும் நிபந்தனை.

தஞ்சோங் பிடாராவின் மணலில் அமர்ந்திருக்கும் இளைஞரைக் கண்டு முகம் சுளிக்கும் பெற்றோர் இதனை எண்ண வேண்டும். தோட்டத்து லயத்தில் ஒரு வீட்டுத் துயரம் பத்து வீட்டுக்குத் தெரியும். பிரட்டுக் களத்தில் ஒருவர் வாராவிடின் ஏன் என்று கேட்க ஆள் உண்டு. அந்த வாழ்வில் வறுமையும் அடிமைத்தனமும் இருந்தன; அதற்குத் திரும்புமாறு யாரும் கூறார். ஆனால் கேட்க ஓர் ஆள் என்ற அந்த ஒன்றை நகரம் பிள்ளைகளுக்கு அளிக்கவில்லை. அவர்கள் கடலிடம் போய்த் தேடுவது அதைத்தான்.

இளைஞரும் ஒன்றை எண்ண வேண்டும். கல்வி, கைத்தொழில், ஒரு வாத்தியம், ஒரு மொழி என்று ஏதேனும் ஓர் அமுதசுரபி ஒவ்வொருவர் கையிலும் இருக்கிறது. நகரம் அதனை மதிக்கவில்லை என்பது மெய்யாகவே இருக்கலாம். மதுரையும் ஆபுத்திரனை மதிக்கவில்லை. அதற்காக யாருமில்லாத கரையில் அதனை வைத்துக் காத்தால் அது பொய்கையின் அடியில் கிடக்கும். ஏற்கும் கைகள் அலோர் காஜாவில் இருக்கலாம், ஜாசினில் இருக்கலாம், வெறுத்து வந்த அதே அடுக்குமாடியின் அடுத்த கதவுக்குப் பின்னாலும் இருக்கலாம்.

மணிபல்லவக் கரையில் இருந்து மீண்டவர்கள் இருவர். எலும்பாகக் கிடந்தவர்கள் பலர். மீண்ட இருவரும் பிறர் பசியை நினைத்தே மீண்டனர்.